தலை பிறகு வரும்

நெல்லூர்ப்பேட்டையில் கைலி குடோன்.
மேல்மாடியில் நானும் ஒரு மடிக்கணினியும்.
கஞ்சி வாடை படியேறி வரும்,
பதினோரு மணிக்கு மேல்
ஏகாம்பரமும் வருவார்.

"கடையை நெட்டுல போடச் சொன்னேன்.
மூணு வாரம் ஆச்சு.
பார்க்க ஒண்ணையும் காணோமே?"

பார்க்க ஒன்றும் இல்லைதான்.
போர்டு இல்லை, ஷோகேஸ் இல்லை,
வாங்க வாங்க என்கிற முகம் இல்லை.
கேட்டால் பதில் சொல்லும், அவ்வளவே.
கேட்பது போனோ, ஆம்பூர் கடையின் திரையோ,
நாளைக்கு வரப்போகிற வேறெதுவோ.

"தலையே இல்லாத கடையா?"

வைகாசி ஒண்ணாந்தேதியைச் சொன்னேன்.
கோபாலபுரத்தில் உடம்பு காத்திருக்கும்,
சிரசு தெருத்தெருவாகச் சுற்றி
ஆற்றைத் தாண்டி வந்து சேரும்.
"அது அம்மன்மா" என்றார்.
"இது லுங்கி."

முதல் நாள் 'கைலி' என்று ஓர் அட்டவணை போட்டிருந்தேன்.
கீழே இறங்கிப் பூங்காவனத்திடம்
ஒரு கைலி எடுங்க என்றேன்.
அவள் கை நகரவில்லை.
எந்தக் கட்டம்? ஊதாவா, பச்சையா?
ரெண்டு மீட்டரா, ரெண்டேகாலா?
மூட்டினதா, மூட்டாததா?

கைலி என்பது வெறும் பேர்.
பேருக்கு விலை கிடையாது, இருப்பு கிடையாது,
பேரை இடுப்பில் சுற்றிக்கொண்டு
யாரும் தெருவுக்குப் போக முடியாது.
ஊதாக் கட்டம், ரெண்டேகால், மூட்டாதது:
இதற்குத்தான் அடுக்கில் இடம்,
இதற்குத்தான் ஓர் எண்.

விலையை அந்த எண்ணோடு ஒட்டினேன்.
பூங்காவனம் சிரித்துவிட்டாள்.
பேரணாம்பட்டு மொத்தக்காரருக்கு ஒன்று,
சில்லறைக்கு ஒன்று,
முதலாளி மச்சானுக்கு, அதைக் கேட்காதே.
பிய்த்து எடுத்துத் தனியே வைத்தேன்:
யாருக்கு, எந்த வாசலில், எந்தத் தேதியிலிருந்து.

நாற்பது இருக்கு என்றாள்.
இங்கே இருபத்தாறு, வேலூர் லாங்கு பஜாரில் பதினான்கு.
அதிலும் ஆறு பேசி வைத்தது,
கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது.

மூட்டாததை எடுத்துடு என்றார் ஏகாம்பரம்.
மாசத்துக்கு நாலு போகுது, அதுக்கொரு கட்டமா?
சரி என்றேன். எடுக்க மறந்துபோனேன்.

வெள்ளோட்டத்தில் பத்தொன்பதாவது ஆர்டர்
மேல்விஷாரத்திலிருந்து, நசீமா பானு.
ஊதாக் கட்டம், மூட்டாதது, இரண்டு.
முந்நூற்றுப் பத்து வீதம்.
மறுநாள் நூல் விலை ஏறியது,
முந்நூற்று நாற்பத்தைந்து என்று மாற்றினேன்.
மதியம் அவர் போன்:
"நேத்து ஒரு கணக்கு, இன்னிக்கு ரசீதுல ஒரு கணக்கு.
எது உங்க வாய்ப்பேச்சு?"

தப்பு என்னுடையது.
ஆர்டர் விலையைப் பார்த்து
விரல் நீட்டிக்கொண்டிருந்தது.
விலை நகர்ந்தால் விரலும் நகரும்.
அன்றிரவு அதற்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன்:
விற்ற பொழுதின் பேர், கட்டம், நீளம், தொகை,
போய்ச் சேரவேண்டிய விலாசம்.
நாளைக்கு ஊதா நின்றுபோகலாம்,
குடோனே இடம் மாறலாம்,
அந்த வரி அப்படியே இருக்கும்.

விலாசத்தை அப்போதுதான் படித்தேன்.
வேலூர், ஆஸ்பத்திரி, எலும்பு வார்டு,
கட்டில் எண்ணும் போட்டிருந்தது.
திரும்பக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.
அவர் கோபம் ஆறியிருந்தது.
வீட்டுக்காரர் காலில் வெளியே கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்,
மூட்டின கைலியில் கால் நுழையாது,
விரித்துத்தான் சுற்ற வேண்டும்,
ஆறு கடை ஏறி இறங்கினேன் என்றார்.

ஆம், இல்லை என்று இரண்டே பதில் உள்ள
ஒரு சின்னக் கட்டம்.
எடுக்க மறந்தது.

ஏகாம்பரத்திடம் இதைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"பழைய விலைதானே போட்டே?"
ஆமாம்.
"சரி. தலை எப்போ வரும்?"